வந்தவாசியா, புள்ளலூரா, பரங்கிப்பேட்டையா? மேசைமேல் ஒரு பதினெட்டாம் நூற்றாண்டுச் சண்டை

பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்தி, அளவுகோலும் பகடையும் வைத்துக்கொண்டு பழைய சண்டை ஒன்றை மறுபடி ஆடிப்பார்க்கிற பொழுதுபோக்கு இப்போது நம் பக்கத்திலும் மெல்லத் தலைகாட்டுகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எந்தச் சண்டையை எடுப்பது என்பதுதான். பெரும்பாலும் கேட்பவரின் மனதில் ஏற்கெனவே ஒரு சண்டை இருக்கும், அது படித்தபோது மயிர்க்கூச்செறிய வைத்த சண்டையாகவும் இருக்கும். படிக்க நன்றாக இருக்கிற சண்டை ஆடவும் நன்றாக இருக்கும் என்று நினைத்து இறங்கினால், இருநூறு முந்நூறு பொம்மைகளுக்கு வண்ணம் பூசிய பிறகுதான் ஏமாற்றம் தெரியும்.

ஏமாற்றத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்று. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் முடிவு தெரியும். 1757 டிசம்பர் 5 அன்று லாய்த்தனில் பிரஷ்ய மன்னர் பிரெடரிக் தன்னைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய ஆஸ்திரியப் படையை முறியடித்தார். எப்படி? ஆஸ்திரியரின் வலப்பக்கத்தில் தாக்கப்போவதுபோல் காட்டிவிட்டு, தாழ்ந்த குன்றுகளின் மறைவில் படையை நடத்திச் சென்று இடப்பக்கத்தில் விழுந்தார். ஆஸ்திரியர்கள் வலப்பக்கத்தைப் பலப்படுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். இன்றைக்கு ஆஸ்திரியராக ஆடுகிறவர் அந்தத் தப்பைச் செய்யவே மாட்டார். ஒன்று, விதி போட்டு அவர் கையைக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது லாய்த்தனாக இருக்காது. அதனால் நான் எந்தச் சண்டையையும் முதலில் உரசிப் பார்ப்பது இப்படித்தான்: கதை முழுக்கத் தெரிந்த இரண்டு பேர் ஆடினாலும் ஆட்டத்தில் உயிர் இருக்குமா?

நம் மண்ணிலேயே பதினெட்டாம் நூற்றாண்டுச் சண்டைகள் கொட்டிக் கிடக்கின்றன. 1746-ல் அடையாற்றங்கரையில் நடந்தது, 1749-ல் ஆம்பூரில் நடந்தது, 1751-ன் ஆற்காட்டு முற்றுகை என்று வரிசை நீளும். அவற்றில் மேசைக்கு ஏற்றவை என்று அடிக்கடி பேச்சு வரும் மூன்றை மட்டும் பார்ப்போம். வந்தவாசி (1760), புள்ளலூர் (1780), பரங்கிப்பேட்டை (1781).

புள்ளலூர்: ஆசை காட்டும் சண்டை

மூன்றில் அதிகம் பேர் விரும்புவது இதைத்தான். 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர். ஆங்கிலேயர் ஏடுகளில் பொள்ளிலூர் என்றிருக்கும். ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் கீழ் இருந்த கிட்டத்தட்ட 3,800 பேரை ஹைதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்து அழித்த இடம். மைசூர் ராக்கெட்டுகள் பறக்கின்றன, வெடிமருந்து வண்டிகள் வெடிக்கின்றன, சதுரமாக நின்ற படை நாலா பக்கமும் அடி வாங்குகிறது, பெய்லி சிறைப்படுகிறார். திப்பு இதை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாகவே தீட்ட வைத்தார். பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லியையும், வெடிக்கும் வண்டியையும் இன்றும் அங்கே பார்க்கலாம். பொம்மைக்கு வண்ணம் பூசுகிறவருக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

சரி, ஆட்டம்? செப்டம்பர் 10 காலையை மட்டும் எடுத்து மேசையில் வைத்தால் பெய்லியாக ஆடுகிறவருக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. அவர் ஏற்கெனவே வலைக்குள் இருக்கிறார். எதிரி பல மடங்கு. இரண்டு மணி நேரம் பகடை உருட்டி, பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் வைப்பதுதான் அவர் வேலை. ஒரு தடவை நண்பர் முகத்துக்காக ஆடுவார், மறுதடவை கூப்பிட்டால் வீட்டில் விசேஷம் என்பார்.

உண்மையில் புள்ளலூரின் முடிவு அதற்கு இரண்டு வாரம் முன்பே உருவாகத் தொடங்கிவிட்டது. பெய்லி குண்டூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே வந்து, காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர வேண்டும். (சென்னையில் குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருப்பவர் தாமஸ் மன்றோ, இவர் வேறு ஆள்.) ஆகஸ்ட் கடைசியில் கொசஸ்தலை ஆற்றின் வடகரைக்கு வந்தவர் அன்றே கடக்காமல் அங்கேயே தங்கினார். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. பல நாள் போனது. செப்டம்பர் 6 அன்று பெரம்பாக்கத்தில் திப்பு வந்து மோதினார். மன்றோ தன் முழுப் படையோடு கிளம்பாமல், பிளெட்சர் தலைமையில் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். அவர்கள் வந்து சேர்ந்ததும் 9-ம் தேதி இரவு பெய்லி புறப்பட்டார். பிறகு நடுவழியில், இருட்டில், நின்றார். விடிந்ததும் முடிந்தது.

இதில் ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆற்றை இன்றைக்கே கடப்பதா? மன்றோ காஞ்சிபுரத்துச் சேமிப்பை விட்டுவிட்டு வருவதா? ஹைதர் இருவரில் யாரை முதலில் அடிப்பது? ஆகவே புள்ளலூரை எடுப்பதானால் பொம்மை ஆட்டமாக எடுக்காதீர்கள், வரைபட ஆட்டமாக எடுங்கள். ஒரு நடுவர், மூன்று ஆட்டக்காரர்கள், பெய்லியும் மன்றோவும் தனித்தனி அறையில். இருவரும் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதித்தான் பேச முடியும். அந்தச் சீட்டு போய்ச் சேருமா, ஹைதரின் ஆட்கள் கையில் சிக்குமா என்பதை நடுவர் பகடை உருட்டி முடிவு செய்வார். ஆற்றில் தண்ணீர் ஏறுவதும் அப்படியே. பொம்மைகள் கடைசி அரை மணி நேரத்துக்கு மட்டும் போதும். நல்ல ஆட்டம்தான். ஆனால் மேசைமேல் அணிவகுப்பைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவருக்கு இது வேறு பண்டம்.

பரங்கிப்பேட்டை: எண்ணிக்கை இடிக்கிறது

1781 ஜூலை 1. சிதம்பரம் கோயிலைப் பிடிக்கப் போய்த் தோற்றுத் திரும்பிய ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பரங்கிப்பேட்டையில் கடலை ஒட்டி முகாமிட்டிருக்கிறார். கடலூருக்குப் போகும் வழியை ஹைதர் அரண்கள் கட்டி மறித்துவிட்டார். கூட்டிடம் எட்டாயிரத்துச் சொச்சம் பேர். ஹைதரிடம் குறைந்த கணக்குப்படியே 40,000. கூட் நேரே அரண்களில் போய் முட்டவில்லை. மணல்மேடுகளுக்கு நடுவே ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்து, அதன் வழியே படையின் ஒரு வரிசையைச் செலுத்திப் பக்கவாட்டில் போய் விழுந்தார். இரண்டாம் வரிசை ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் மணல்மேட்டைப் பிடித்துக்கொண்டு, ஹைதரின் தாக்குதல்களைத் தாங்கி நின்றது. கடலில் நின்ற ஒரு சிறு கப்பலும் கரையை நோக்கிச் சுட்டது.

களம் அழகு. ஒரு பக்கம் கடல், நடுவே மணல்மேடுகள், மறுபக்கம் குதிரைப்படை பாய வெட்டவெளி. ஸ்டூவர்ட்டின் மணல்மேட்டுச் சண்டை தனியாக எடுத்தாலே ஒரு மாலை ஆட்டத்துக்குத் தேறும். இரண்டு இடைஞ்சல். முதலாவது, அந்த இடைவெளி. ஹைதராக ஆடுகிறவர் முதல் சுற்றிலேயே அங்கே பத்துப் பீரங்கியைக் கொண்டுபோய் நிறுத்துவார். இடைவெளி எங்கே என்பதை நடுவர் ரகசியமாகத் தீர்மானிக்கலாம். நான்கைந்து இடங்களைக் குறித்து, எது உண்மையான வழி என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தால் ஓரளவு சரியாகிவிடும்.

இரண்டாவது சிக்கலுக்கு அப்படி வழி இல்லை. இருபது வீரருக்கு ஒரு பொம்மை என்ற வழக்கமான கணக்கில் கூட்டின் படைக்கு 400 பொம்மை வேண்டும். ஹைதருக்கு 2,000. இதில் பெரும்பகுதி குதிரை. நூறு பேருக்கு ஒன்று என்று வைத்தால் 80-க்கு 400 என்று இறங்கும், அப்போது கூட்டின் ஒரு பட்டாளம் ஐந்தாறு பொம்மையாகிவிடும். படை மாதிரியே தெரியாது. ஒரு சங்கமாகச் சேர்ந்து நாலைந்து பேர் ஆளுக்கொரு பங்கு வண்ணம் பூசுவதாக இருந்தால் பரங்கிப்பேட்டை நல்ல தேர்வு. தனி ஆளுக்குச் சொல்ல மாட்டேன்.

வந்தவாசி

என் ஓட்டு வந்தவாசிக்குத்தான். 1760 ஜனவரி 22. ஆங்கிலேயரிடம் இருந்த வந்தவாசிக் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டிருக்க, அதே அயர் கூட், இருபத்தொரு வயது இளையவராக, விடுவிக்க வருகிறார். ஆங்கிலேயர் பக்கம் சுமார் 1,900 ஐரோப்பியர், 2,100 சிப்பாய்கள், 1,250 நம்மூர்க் குதிரைவீரர். பிரெஞ்சுப் பக்கம் சுமார் 2,250 ஐரோப்பியர், அதில் 300 பேர் குதிரைப்படை, கூட 1,300 சிப்பாய்கள். லாலிக்குத் துணையாக வந்த 3,000 மராட்டியக் குதிரை கடைசிவரை சண்டையில் இறங்கவில்லை. இருபதுக்கு ஒன்று என்று போட்டால் ஆங்கிலேயருக்கு 262, பிரெஞ்சுக்காரருக்கு 177. சுமார் 440 பொம்மையில் முழுச் சண்டையும் மேசைக்கு வந்துவிடுகிறது. மராட்டியருக்கு ஒரு பெயர் எழுதிய அட்டை போதும்.

மருதநாயகம் என்கிற யூசுப் கானைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவர் இந்தச் சண்டையில் இல்லை, 1759-லேயே மதுரைப் பக்கம் போய்விட்டார்.

எண்ணிக்கையைவிட முக்கியம், இங்கே ஒளித்து வைத்த ரகசியம் எதுவும் கிடையாது. வெட்டவெளி. மலையடிவாரத்துக் கரடுமுரடான நிலத்தை ஒட்டி நகர்ந்து, கோட்டைப் பக்கம் போய்விடக்கூடிய இடத்துக்கு கூட் வந்ததும், லாலி முற்றுகைக்கு ஒரு பகுதியை விட்டுவிட்டு மீதிப்பேரோடு வெளியே வந்தார். பிரெஞ்சு அணியின் வலக்கோடியில் குதிரைப்படை, அடுத்து லொரேன் படைப்பிரிவு, நடுவில் ‘இந்தியப் பட்டாளம்’ (பெயர்தான் அப்படி, பிரெஞ்சுக் கம்பெனியின் ஐரோப்பியப் படை), இடப்புறம் லாலியின் சொந்தப் படைப்பிரிவு. இடக்கோடிக்கு முன்னால் ஒரு குளம். அதன் கரையையே அரணாக்கிக் கப்பல் ஆட்களையும் பீரங்கிகளையும் வைத்திருந்தார்கள். எதிரே ஆங்கிலேயரின் இடப்புறம் கூட்டின் படைப்பிரிவு, நடுவில் கம்பெனியின் இரண்டு பட்டாளங்கள், வலப்புறம் டிரேப்பரின் படைப்பிரிவு, இரு ஓரங்களிலும் சிப்பாய்கள்.

நடந்தவற்றில் எதையும் ஆட்டக்காரர் மீது திணிக்க வேண்டியதில்லை. லாலி தன் குதிரைப்படையை ஆங்கிலேயரின் இடப்புறத்தைச் சுற்றித் தானே நடத்திச் சென்றார். எதிரே நின்ற நம்மூர்க் குதிரைவீரர்கள் கலைந்தார்கள், ஆனால் இரண்டு பீரங்கிகள் சரியான நேரத்தில் சுட்டுத் திருப்பி அனுப்பின. அந்த இரண்டு பீரங்கி பிந்தியிருந்தால்? அடுத்து லொரேன் பிரிவு பன்னிரண்டு பேர் அகலத்துக்கு நீளப் பத்தியாக நின்று கூட்டின் பிரிவை நோக்கி ஓடி வந்தது. கூட் 50 கெஜம் வரும்வரை தன் ஆட்களைச் சுடவிடவில்லை. பத்தி அப்படியும் நிற்காமல் வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தது. பிளந்த வரிசையின் இரு பக்கமும் உள்ளே திரும்பி, பத்தியின் விலாவில் துப்பாக்கி ஈட்டியோடு பாய்ந்ததும் லொரேன் உடைந்தது. பத்தியாகப் போவதா, வரிசையாக நின்று சுடுவதா என்பது இன்றைக்கு ஆடுகிறவருக்கும் திறந்த கேள்விதான். பத்தி உடைக்கவும் செய்யும், உடையவும் செய்யும். வரலாறு தெரிந்ததனால் விடை தெரிந்துவிடாது.

இந்த இடத்தை மேசையில் அளந்து பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆறடி மேசை 900 மீட்டர் களம். 50 கெஜம் வெறும் 9 சென்டிமீட்டர், அரைச் சாண்கூட இல்லை. எதிராளி பத்தியை நகர்த்திக்கொண்டு வருகிறார். நீங்கள் இப்போது சுடலாம், பாதி பயன்தான். இன்னொரு சுற்று பொறுத்தால் முழுப் பயன், ஆனால் பகடை கைவிட்டால் அவர் உங்கள் வரிசைக்குள் இருப்பார். அந்தச் சுற்றில் மேசையைச் சுற்றி ஒருவரும் போனைப் பார்ப்பதில்லை.

பிறகு குளக்கரை. ஆங்கிலேயக் குண்டு ஒன்று அங்கிருந்த வெடிமருந்து வண்டியில் விழுந்து, ஏறக்குறைய 80 பேர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். அந்தக் குழப்பத்தில் டிரேப்பரின் பிரிவு மேஜர் பிரெர்ட்டன் தலைமையில் கரைமேல் ஏறியது. பிரெர்ட்டன் அங்கே விழுந்தார். குளத்தை மீட்க லாலியின் பிரிவை நடத்தி வந்த புஸ்ஸி சிறைப்பட்டார். புதுச்சேரியில் புஸ்ஸி வீதி என்று இருக்கிறதே, அவர் பெயர்தான்.

வண்டி வெடிப்பதை எப்படிக் கையாள்வது என்பதில் ஆட்டக்காரர்களுக்குள் இரண்டு கட்சி. ஆறாம் சுற்றில் கட்டாயம் வெடிக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. அப்படி வைத்தால் பிரெஞ்சுக்காரராக ஆடுகிறவர் ஐந்தாம் சுற்றிலேயே ஆட்களைப் பின்வாங்கிக்கொள்வார், லாய்த்தன் கதைதான். குளக்கரையைக் குறிவைத்துச் சுடும் பீரங்கிக்கு இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தால் வெடிக்கும் என்று வைப்பதே சரி. 36-ல் ஒரு வாய்ப்பு. நாலு பீரங்கியைப் பல சுற்று அதன்மேலேயே திருப்பி வைக்கலாமா, அல்லது எதிரே வரும் பத்தியைச் சுடலாமா என்று கூட் பக்கம் ஆடுகிறவர் யோசிக்கட்டும். மராட்டியருக்கும் இதே முறை போதும். பிரெஞ்சுக்காரர் தெளிவாக ஜெயிக்கும் நிலை வந்தால் மட்டும் பகடை உருட்டலாம், ஆறு விழுந்தால் வருவார்கள்.

பொம்மை அளவும் விதியும்

சண்டை முடிவான பிறகு மற்றதெல்லாம் சீக்கிரம் முடிவாகும். 28 மி.மீ. உயரப் பொம்மை பார்க்க அழகு. முகம், பொத்தான், தலைப்பாகை மடிப்பு எல்லாம் தெரியும். ஆனால் ஆங்கிலேயரின் முன்வரிசையே ஆறடி மேசையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். பிரெஞ்சுக் குதிரை சுற்றி வர இடம் இருக்காது, வந்தவாசியின் முதல் காட்சியே போய்விடும். 6 மி.மீ.-ல் இடம் தாராளம், படையும் படையாகத் தெரியும், ஆனால் சிப்பாயையும் ஐரோப்பியனையும் கைதொடும் தூரத்திலேயே பிரித்துப் பார்க்க முடியாது. வந்தவாசிக்கு 15 மி.மீ. பொருந்துகிறது. வரிசை பாதி மேசையில் அடங்கும், இரு ஓரமும் காலியாக இருக்கும். ஏழாண்டுப் போர்க்கால (1756–63) ஐரோப்பியப் பொம்மைகள் எல்லா அளவிலும் சுலபமாகக் கிடைக்கும். சிப்பாய்களும் நம்மூர்க் குதிரைவீரர்களும் கிடைப்பதுதான் கஷ்டம், அவற்றை முதலில் தேடி உறுதி செய்துவிட்டு மற்றதை வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் பொம்மை விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கையைக் கடிக்கிறது என்றால் அட்டையில் அச்சடித்து வெட்டி ஒட்டிய காகிதப் பொம்மையில் தொடங்குவதில் ஒரு குறையும் இல்லை. முதல் இரண்டு ஆட்டத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆட்டம் பிடித்த பிறகு ஈயப் பொம்மை வாங்கலாம்.

வண்ணத்தில் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். லாலியின் படைப்பிரிவு பிரெஞ்சுச் சேவையில் இருந்த ஐரிஷ்காரர்கள், அவர்கள் சட்டையும் சிவப்பு. பச்சைக் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும்தான் வித்தியாசம். குளக்கரையில் சிவப்பும் சிவப்பும் கலக்கும்போது யார் யார் என்று திண்டாடாமலிருக்க, பொம்மையின் அடித்தட்டு விளிம்புக்கு ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை பூசிவிடுங்கள். தரைக்கு, அறுவடையான வயலின் நிறத்துக்கு, ஒரு கோரைப்பாயே போதும். வந்தவாசிக்காரர்கள் பாய் நெய்வதில் பெயர் போனவர்கள்.

விதிநூல்களில் இரண்டு வகையை மட்டும் சொல்கிறேன். பிளாக் பவுடர் வகையில், எந்தப் பிரிவு என்ன செய்ய வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இரண்டு பகடை உருட்ட வேண்டும். தளபதியின் தகுதி எண்ணுக்குள் விழுந்தால் அது நடக்கும், நன்றாக விழுந்தால் மூன்று மடங்கு தூரம்கூடப் போகலாம், தவறினால் நின்ற இடத்தில் நிற்கும். மோரிஸ் வகையில் கையில் சீட்டுகள் இருக்கும். ஒரு சுற்றில் ஒரு கூட்டத்தைத்தான் நகர்த்தலாம், தளபதியிடமிருந்து தூரம் கூடக்கூட விலை கூடும். பின்னது புத்திசாலித்தனமான ஆட்டம், சின்ன மேசைக்கும் ஏற்றது. ஆனால் வந்தவாசியில் இரு கோடியிலும் ஒரே நேரத்தில் சண்டை நடக்கிறது. லொரேன் இங்கே ஓடும்போது அங்கே குளத்தில் குண்டு விழுகிறது. சீட்டு ஆட்டத்தில் அது மாறி மாறித்தான் நடக்கும். அப்புறம், லாலி ஒரு கட்டத்தில் தன் குதிரைப்படையைத் தன்னைப் பின்தொடர்ந்து பாயச் சொன்னார், அவர்கள் அசையவில்லை. பிளாக் பவுடரில் லாலிக்குக் குறைந்த தகுதி எண் கொடுத்துவிட்டால் அதுவாகவே அவ்வப்போது நடக்கும். தனி விதி எழுத வேண்டாம். அந்நூலில் அங்குலத்தில் சொல்லியிருக்கும் தூரங்களை 15 மி.மீ. பொம்மைக்குச் சென்டிமீட்டராக மாற்றிக்கொள்வது பலரும் செய்வதுதான்.

வெற்றி யாருக்கு என்பதைக் கொன்ற கணக்கில் வைக்காதீர்கள். லாலி தோற்கடிக்கப்பட்டதும் முற்றுகை கலைந்தது, அடுத்த வருஷம் ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது, 1766-ல் பாரிஸில் அவர் தலை போனது. ஆகவே இருட்டுவதற்குள் கோட்டைக்கு வழி திறந்தால் கூட்டுக்கு வெற்றி, முற்றுகைப் பீரங்கிகள் இருந்த இடத்தில் இருந்தால் லாலிக்கு வெற்றி. பன்னிரண்டு சுற்று வைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடியும்.

எல்லாவற்றையும் வண்ணம் பூசி முடித்துத்தான் ஆடுவேன் என்று உட்காராதீர்கள். லொரேன் பிரிவு, கூட்டின் பிரிவு, ஆளுக்கு இரண்டு பீரங்கி. இவ்வளவு தயாரானதும் அந்தப் பத்தி மோதலை மட்டும் ஆடிப்பாருங்கள். அரை மணி நேரம் போதும். அடுத்து டிரேப்பரும் குளக்கரையும், அப்புறம் குதிரைப்படை. சிப்பாய்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அன்றைக்கு அவர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தவர்கள்தான்.